மால்ஃபி கோமகள்: புதுமைப் பெண்ணா?

ஜான் வெப்ஸ்டரின் ‘மால்ஃபி கோமகள்’ 1614-ஆம் ஆண்டிற்குள் இலண்டனில் அரங்கேறி, 1623-இல் அச்சேறிய துன்பியல் நாடகமாகும். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் வாழ்ந்த ஜியோவான்னா என்னும் கோமகளின் வரலாறே இதற்கு மூலம். இதைக் கற்போர் பலர், இதன் தலைவியைக் காலத்தை முந்திப் பிறந்த புதுமைப் பெண் எனப் போற்றுவர். இக்கூற்று எவ்வளவு பொருந்தும்?

இளங்கைம்பெண்ணாகிய கோமகள் மறுமணம் செய்யலாகாதென்று அவளுடைய சகோதரர் இருவரும் எச்சரிக்கின்றனர். ஒருவர் கர்தினால்; மற்றவர் கோமகன் ஃபெர்டினாண்டு. அரச குலத்து இரத்தம் மாசுபடலாகாது என்பது அவர்கள் வாதம். அவளோ தன் உக்கிராணக்காரனாகிய அந்தோனியோவை அழைத்து, தானே காதலை வெளிப்படுத்தி, அவன் விரலில் மோதிரம் அணிவித்து மணம் புரிகிறாள். பெண்ணே முன்வந்து ஆணைத் தெரிந்துகொள்ளும் இக்காட்சி இன்றைய வாசகரைக் கவர்வதில் வியப்பில்லை.

எனினும், ஊன்றி நோக்கின் வேறோர் உண்மை புலனாகும். அவள் முதலில் பேசுவது சமத்துவம் நாடியன்று. ஊழியன் வாய்திறக்கத் துணியான் என்பதனாலேயே. உயர்குடியில் பிறந்தாரின் அவலம் இதுவென அவளே வருந்துகிறாள். அம்மணமும் புதுமையன்று. இருவர் மனமொப்பிக் கூறும் நிகழ்கால உடன்பாடே திருமணத்தைப் பிணைக்கும் என்பது 12-ஆம் நூற்றாண்டு முதல் மேனாட்டுத் திருச்சபை சட்டம் ஏற்ற கொள்கை. குருவும் சாட்சிகளும் இன்றியமையாதவர் என ட்ரெந்த் சங்கம் விதித்தது 1563-இலேதான். இங்கிலாந்தில் சட்டம் அவ்வாறு மாறியது 1753-இல். ஆகவே, அவள் பற்றிநின்றது திருச்சபையின் பழம்போதனையையே. அதை மீறியவரோ திருச்சபையின் கர்தினால்! லொரேட்டோ திருத்தலத்தில் அவள் விரலினின்று மணமோதிரத்தைப் பறிப்பவரும் அவரே. நாடகத்தின் கூரிய முரண் இதுவெனலாம்.

கோமகளைக் குறையற்றவளாக வெப்ஸ்டர் தீட்டவில்லை. கணவனைக் காக்க அவன்மீதே பொய்க்குற்றம் சுமத்துகிறாள். திருயாத்திரையைத் தப்பியோடுவதற்குச் சாக்காக்குகிறாள். சமயத்தோடு விளையாடலாகாதெனத் தோழி காரியோலா கடிந்தும் கேளாள். மறைவில் கட்டிய இல்லம் பொய்யையும் தூணாகக் கொள்ள நேர்வதை ஆசிரியர் மறைத்திலர்.

ஆயினும் அவள் மரணத்தை நோக்குக. கொலைஞர் நெருங்குகையில், மகனின் சளிக்கு மருந்து கொடுக்கவும், மகள் உறங்குமுன் ஜெபிக்கவும் செய்யுமாறு தோழியிடம் வேண்டுகிறாள். பின், விண்ணக வாயில் அரண்மனை வாயில்போல் உயர்ந்ததன்று என்றுணர்ந்து முழந்தாளிடுகிறாள். கோமகள் என்னும் பெருமிதத்தைச் சித்திரவதையிலும் விடாதவள், இறைவன்முன் தாழ்கிறாள். இத்தாழ்மையைப் புதுமை என்னும் அளவுகோல் அளக்காது. அவளைப் புதுமைப் பெண் என்று மட்டும் புகழ்வோர், அவளது வலிமையின் ஊற்றைக் காணத் தவறுகின்றனர்.

ஆயர்களாகிய நமக்கு இந்நாடகம் எழுப்பும் வினா வேறு. 1549-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெபப் புத்தகம், மணமகனிடம் சம்மதம் கேட்பதுபோலவே மணமகளிடமும் தனித்துக் கேட்கிறது. அம்மரபில் வந்த திருமண ஆராதனையை நடத்தும் நாம், அக்கேள்வியை மெய்யாகவே கேட்கிறோமா? குலமும் இரத்தமும் பேசுவோர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவள் விடையை வெறும் சடங்காக எண்ணிக் கடந்துபோவோமாயின், கர்தினாலின் அங்கி நம் தோள்மேலும் கிடக்கிறது.