வெளியே சின்னது, உள்ளே பெரியது: ஒலிம்பஸ் ஓஎம்-1 பற்றிச் சில குறிப்புகள்

போன மாசம் உறவுக்காரத் தம்பி ஒருத்தன் ஃபோன் பண்ணினான். கல்லூரியில் மூன்றாம் வருஷம். "அண்ணா, ஃபிலிம் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பழசா, சின்னதா, எஸ்.எல்.ஆரா இருக்கணும். எல்லாரும் ஓஎம்-1 தான்னு சொல்றாங்க. உங்ககிட்ட இருக்குல்ல, எப்படி?"

"சூப்பர் கேமராடா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. அவன் கொடுக்கப்போவது வார இறுதிகளில் வேலை பார்த்துச் சேர்த்த காசு. நான் சொன்ன பதிலோ, நான் வாங்குவதற்கு முன்னால் எனக்கு யாரோ சொன்ன அதே பதில். இத்தனை வருஷமாக அந்த கேமராவை வைத்துக்கொண்டிருந்தும், அதைப் பற்றி நானாக ஒரு வாக்கியம் யோசித்ததில்லை போல. அலமாரியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டு யோசித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

1960களில் எஸ்.எல்.ஆர் என்றால் கனமான சாமான். 1959இல் வந்த நிக்கான் எஃப், அதன் தலையில் மீட்டர் வைத்த பெட்டி, கூடவே ரெண்டு லென்ஸ் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினால் தோள்பட்டை அன்றைக்கே பதில் சொல்லிவிடும். ஒலிம்பஸில் யோஷிஹிசா மைத்தானி என்ற வடிவமைப்பாளர் இருந்தார். 1956இல் அங்கே சேர்ந்தவர். 1959இல் பென் என்ற அரை ஃபிரேம் கேமராவைச் செய்து பெயர் வாங்கியவர். 1963இல் தலையில் கூம்பே இல்லாத பென் எஃப் என்ற அரை ஃபிரேம் எஸ்.எல்.ஆரையும் செய்தார். இளமையில் லைக்கா வைத்துப் பழகியவர். எஸ்.எல்.ஆருக்கு மூன்று தீமைகள் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: பெரிதாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, சத்தமும் அதிர்ச்சியும் அதிகம். இந்த மூன்றையும் சேர்த்து ஒழிக்கப் பார்த்ததன் விளைவுதான் 1972இல் வந்த எம்-1.

ஆமாம், முதல் பெயர் எம்-1. அந்த வருஷம் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் லைக்காக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்களிடம் ஏற்கெனவே எம்1 என்று ஒரு கேமரா இருந்தது. ஒலிம்பஸ் விட்டுக்கொடுத்து, முன்னால் ஒரு "ஓ" சேர்த்து ஓஎம்-1 ஆக்கிவிட்டது. இன்றைக்கு எம்-1 என்று பொறித்த பழைய உடல் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். உள்ளே அதே யந்திரம். ஓர் எழுத்து குறைந்ததற்கு அதிகக் காசு! புகழ் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது.

சரி, இது எவ்வளவு சின்னது? 136 மி.மீ அகலம், 83 மி.மீ உயரம், 50 மி.மீ தடிமன், உடல் மட்டும் 510 கிராம். இந்த எண்களை எல்லாரும் சொல்லுவார்கள். எதோடு ஒப்பிட்டு என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். நிக்கான் எஃப்2 ஃபோட்டோமிக்கோடு (உடலே 800 கிராமுக்கு மேல்) வைத்துப் பார்த்தால் இது பொம்மை மாதிரி இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் மாமா வீட்டிலிருந்து வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 1964இல் வெளிவந்த மாடல். அதாவது ஓஎம்-1க்கு எட்டு வருஷம் மூத்தது. ரெண்டையும் அதனதன் சாதா லென்ஸோடு சமையலறைத் தராசில் வைத்தேன். வித்தியாசம் 150 கிராமுக்குள்தான். கொஞ்சம் பெரிய தக்காளி ஒன்று. உயரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நடந்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. (வீட்டில் கேட்டார்கள், தராசில் என்ன இழவை வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. ஆராய்ச்சி என்றேன்.)

ஆக, "புரட்சிகரமாகச் சின்னது" என்ற பேச்சில் பாதி, பக்கத்தில் எதை நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. பென்டாக்ஸ்காரர்களுக்கு இது புரியாமலா இருக்கும்? 1976இல் அவர்கள் எம்எக்ஸ் கொண்டுவந்தார்கள். அளவு: 135.5, 82.5, 49.5. மூன்று பக்கமும் ஓஎம்-1ஐவிடச் சரியாக அரை மில்லிமீட்டர் கம்மி! அரை மில்லிமீட்டரால் எந்தக் கைக்கு என்ன லாபம்? போட்டி எங்கே போய் நின்றது என்பதற்கு அந்த மூன்று எண்களே சாட்சி.

அப்படியானால் ஓஎம்-1 வெறும் விளம்பரமா என்றால், அதுவும் இல்லை. நான் சொல்ல வருவது, இதைத் தப்பான காரணத்துக்காகப் புகழ்கிறோம் என்பதுதான். இணையத்தில் இந்த கேமராவைப் பற்றிய படங்களைப் பாருங்கள். மரமேஜை, காபிக் கோப்பை, பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஓஎம்-1. கேமராவை வைத்து எடுத்த படங்களைவிடக் கேமராவையே எடுத்த படங்கள்தான் ஜாஸ்தி. ஆனால் இதன் நல்ல பகுதி வெளியிலிருந்து தெரியாது. கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

வியூஃபைண்டரைச் சொல்கிறேன். ஓஎம்-1இல் உருப்பெருக்கம் 0.92. அதாவது 50 மி.மீ லென்ஸ் போட்டுப் பார்த்தால், வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு ஏறக்குறைய அதே அளவில் உலகம் தெரியும். ஃபிலிமில் விழப்போவதில் 97 சதவீதம் உள்ளே தெரியும். ஒப்பிட்டுப் பாருங்கள்: அஞ்சு வருஷம் கழித்து வந்த நிக்கான் எஃப்எம்மில் 0.86, 93 சதவீதம். முப்பத்தாறு வருஷம் கழித்து வந்த, தன் காலத்தில் எல்லாரும் ஏங்கிய டிஜிட்டல் கேமராவான கேனான் 5டி மார்க் 2வில் உருப்பெருக்கம் 0.71தான். அந்த டிஜிட்டலிலிருந்து கண்ணை எடுத்து ஓஎம்-1இல் வைத்தால், திரையரங்கில் பின் வரிசையிலிருந்து நடு வரிசைக்கு மாறி உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு சுவாரசியம். பெட்டி சின்னதானால் உள்ளே தெரியும் காட்சியும் சின்னதாகும் என்றுதான் நினைப்போம். ஒளியியல் அப்படிச் சொல்வதில்லை. நாம் பார்ப்பது லென்ஸ் வழியே வந்து ஒரு கண்ணாடித் திரையில் விழும் பிம்பத்தை. அதைப் பிரிஸம் திருப்பிவிட, பின்னால் உள்ள கண்வில்லை ஒரு பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்குகிறது. பிரிஸம் சின்னதானால் திரைக்கும் கண்வில்லைக்கும் நடுவே ஒளி நடக்கும் தூரம் குறையும். அப்போது இன்னும் வலுவான பூதக்கண்ணாடியை வைக்கலாம், காட்சி பெரிதாகும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. திரையின் நாலு ஓரமும் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும் என்றால் பிரிஸம் பெரிதாக இருந்தாக வேண்டும். பெரிதாகவும் தெரிய வேண்டும், முழுசாகவும் தெரிய வேண்டும், தலைக்கூம்பும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஒன்றையொன்று இழுக்கும் கயிறு. அதில் மைத்தானியின் ஆட்கள் பிடித்துக் கட்டிய இடம்தான் ஓஎம்-1இன் உண்மையான சாதனை என்பேன். 510 கிராம் அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்று, லென்ஸ்கள். உடலை மட்டும் இளைக்க வைத்துவிட்டுப் பழையபடி உருளைக்கட்டை மாதிரி லென்ஸை மாட்டினால் பிரயோஜனமில்லை. ஸுய்கோ வரிசையில் 24 மி.மீ எஃப் 2.8, 28 மி.மீ எஃப் 3.5, 50 மி.மீ எஃப் 1.8, 100 மி.மீ எஃப் 2.8 என நாலுக்கும் ஒரே 49 மி.மீ ஃபில்டர் போதும். உடம்பும் மூன்று லென்ஸும் ஒரு துணிப்பையில் அடங்கும். தக்காளி அளவு வித்தியாசம் இங்கேதான் பல தக்காளிகளாகிறது.

ஷட்டர் வேகத்தைத் திருப்பும் வளையம் மேலே இல்லை, லென்ஸ் மாட்டும் வாயைச் சுற்றி இருக்கிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரங்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் தள்ளியதால் வந்த ஏற்பாடு. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மேலே வலப்பக்கம் வழக்கமான இடத்தில் ஒரு குமிழ் இருக்கிறது, விரல் தானாக அங்கே போகும், பார்த்தால் அது ஃபிலிம் வேகத்துக்கானது. ரெண்டாவது வாரத்தில் புரிந்தது: வேகம், ஃபோகஸ், துளை என மூன்று வளையமும் இடக்கையிலேயே வரிசையாக இருப்பதால் கண்ணை எடுக்கவே வேண்டாம்.

இப்போது தம்பியிடம் நான் சொல்லாமல் விட்டவை.

என் ஓஎம்-1ஐ ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் தேர் மாதிரி இருந்தது. வந்ததும் கண்ணை வைத்தால் காட்சியின் குறுக்கே பழுப்பாக ஒரு கறை, பாசி படிந்த மாதிரி. பிரிஸத்தைச் சுற்றி ஒட்டிய ஃபோம் பஞ்சு வருஷம் ஆக ஆகப் பிசுபிசுவென்று உருகி, பிரிஸத்தின் வெள்ளிப் பூச்சையே அரித்துவிடும். இந்த மாடலில் பரவலாக வரும் நோய் இது. விற்பவர் போடும் படத்தில் ஒருபோதும் தெரியாது. எதற்காக இந்த கேமராவை வாங்க வேண்டும் என்று மேலே சொன்னேனோ, சரியாக அந்த இடத்திலேயே வருகிறது பாருங்கள்.

அடுத்தது பேட்டரி. 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்த மீட்டர். அந்தப் பேட்டரியே இப்போது கிடையாது. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைனைப் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், நெகட்டிவ் வெளிறிப்போகும். ஷட்டருக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால் கேமரா மட்டும் எப்படியும் வேலை செய்யும். ஷட்டர் திரைகளை இழுக்க அகலமான நாடாவுக்குப் பதிலாக, இடத்தை மிச்சம் பிடிக்க, மெல்லிய நூல்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அம்பது வருஷம் ஆன நூல். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கடைசியாக, நான் கண்ணாடி போடுகிறவன். வலுவான கண்வில்லை வைத்துக் காட்சியைப் பெரிதாக்கினால், கண்ணை ஒட்ட வைத்தால்தான் ஓரங்கள் தெரியும். கண்ணாடி நடுவில் நின்றால் நாலு மூலையும் ஒரே சமயத்தில் தெரியாது, லேசாகத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும். 0.97 உருப்பெருக்கம் உள்ள எம்எக்ஸில் இது இன்னும் மோசம். எல்லாரும் மட்டம் தட்டும் நிக்கான் எஃப்எம்மின் சின்னக் காட்சி என்னை மாதிரி ஆளுக்கு உண்மையில் வசதி. எந்தப் புகழுரையிலும் இந்த வரியை நான் படித்ததில்லை. எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் நல்ல கண்பார்வை போலிருக்கிறது.

கேனான் ஏஇ-1 பற்றியும் தம்பி கேட்டிருந்தான். 1976இல் எலெக்ட்ரானிக்ஸை நம்பி வந்தது, பேட்டரி செத்தால் அதுவும் செத்தது. நல்ல கேமராதான், ஆனால் இன்றைய விலையில் பாதி அதன் பெயருக்குப் போகிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஜேன் பௌன் ஞாபகம் வந்தது. லண்டனின் அப்சர்வர் பத்திரிகைக்காகப் பல பத்தாண்டுகள் உருவப்படங்கள் எடுத்தவர், 2014இல் காலமானார். ஓஎம்-1தான் அவருடைய நீண்டகாலத் துணை. செகண்ட்ஹேண்டில் வாங்கியவை, சாமான் வாங்கும் கூடையில் போட்டு எடுத்துப்போவார். ஃபிளாஷ் கிடையாது, ஜன்னல் வெளிச்சம். மீட்டரைப் பார்க்காமல் தன் புறங்கையில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தே கணக்குப் போடுவார். பெரும்பாலும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, எஃப் 2.8. எதிரில் உட்கார்ந்திருப்பவர் பெரிய நடிகரோ எழுத்தாளரோ, கிடைப்பது சில நிமிஷங்கள். அந்தச் சில நிமிஷத்தில் முகத்தில் ஓடுவதைப் பிடிக்க அவருக்கு வேண்டியிருந்தது பெரிய, தெளிவான ஜன்னல். எதிராளியை மிரட்டாத ஒரு சின்னப் பெட்டி. சின்னது என்பதற்கு அங்கே ஓர் அர்த்தம் இருந்தது. தராசு காட்டும் அர்த்தம் இல்லை அது.

தம்பியை மறுபடி கூப்பிட்டு, வாங்கிடாதே, முதலில் வீட்டுக்கு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஓஎம்-1, ஸ்பாட்மேட்டிக், நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய எஃப்எம் மூன்றையும் வரிசையாக வைத்து, வெளித்தோற்றத்தைப் பேசாதே, ஒவ்வொன்றிலும் கண்ணை வைத்து எதிர்வீட்டு மாடியைப் பார் என்றேன். எஃப்எம்மை எடுத்தான், வைத்தான். ஸ்பாட்மேட்டிக்கை எடுத்தான், இருட்டா இருக்குண்ணா என்றான். ஓஎம்-1இல் கண்ணை வைத்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கறை தெரியுதுண்ணா."

"தெரியும்டா. பிரிஸம் மாத்தணும்."

"மாத்த எவ்ளோ ஆகும்?" என்றான், கண்ணை எடுக்காமலே.