அசலூர்க்காரருக்கு ஒரு மான்

நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில். 1972-ம் வருஷச் சட்டம். அதனால் இந்த வாரம் நான் சொல்லப்போவது உங்களுக்கும் எனக்கும் நேரடியாக உதவாது. ஆனாலும் படியுங்கள். பொதுச்சொத்துக்கு யார் விலை போடுவது, எப்படிப் போடுவது என்கிற விவகாரம் இது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு லைசென்ஸோடு 'டேக்' வாங்கணும். ஒரு டேக்குக்கு ஒரு மான், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் என்றால் பெரிய தொல்லை இல்லை. அடுத்த மாநிலத்திலிருந்து வருகிறவர் என்றால்தான் கூத்து.

ஐயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கொம்பு மான்களுக்குப் பேர்போன இடம். ஆண், பெண் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்கிற டேக், வெளிமாநிலத்தவருக்கு வருஷத்துக்கு 6,000தான். மே மாதம் விண்ணப்பம், பிறகு குலுக்கல். பெயர் விழவில்லையா, முன்னுரிமைப் புள்ளி ஒன்று கணக்கில் ஏறும். நல்ல பகுதியில் வில் வேட்டைக்கு இப்படி நாலைந்து வருஷம் புள்ளி சேர்க்கணும். கட்டணம் எல்லாம் சேர்த்து 600 டாலருக்கு மேல். உள்ளூர்க்காரருக்கு 100 டாலருக்குள் வேலை முடிந்துவிடும்.

நம் குலுக்கல் சீட்டு மாதிரிதானே என்பீர்கள். 20 பேர் சீட்டில் 20-வது மாதம் கடைசி ஆளுக்கும் பணம் வந்துவிடும். இங்கே க்யூ நீள நீள, புதுசாகச் சேருகிறவரின் முறை தள்ளித் தள்ளிப் போகும்.

சரி, அங்கேயே நிலம் வாங்கிப் போட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். நில உரிமையாளருக்கான உள்ளூர்ச் சலுகை எங்களுக்கும் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2013-ல் ஐயோவா உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. நிலம் உங்களுடையது, மான் மாநிலத்துடையது.

இதுவரைக்கும் நான் ஐயோவா கட்சிதான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே மான் இனமே அருகிப்போய், 1898-ல் வேட்டையை மூடினார்கள். மறுபடி திறந்தது 1953-ல். 55 வருஷம் துப்பாக்கியைக் கீழே வைத்துக் காத்திருந்தவர்கள், எங்களுக்குத்தான் முதல் பந்தி என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

எனக்குச் சண்டை எண்ணிக்கையோடு இல்லை, விலையோடு. அதற்கு மான்டனா மாநிலத்துக்குப் போகணும்.

1976-ல் அங்கே 'எல்க்' என்கிற பெரிய மானைச் சுட உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் 9 டாலர். வெளியாளுக்கு 225. அதுவும் தனியாகத் தரமாட்டார்கள். எல்க், சின்ன மான், கருங்கரடி, பறவை, மீன் என்று மொத்தமாக ஒரே கட்டு. கேஸ் கனெக்‌ஷன் கேட்கப் போனால் அடுப்பையும் தலையில் கட்டுவார்களே, அதே சாமர்த்தியம்! உள்ளூர்க்காரர் ஆசைப்பட்டு அத்தனையும் வாங்கினாலும் 30 டாலர்தான்.

மினசோட்டாக்காரர்கள் சிலரும் மான்டனா வேட்டை வழிகாட்டி ஒருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மான்டனா பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பின் சாரம்: எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்பு இல்லை. அதில் எல்லா மாநிலத்தவரையும் சமமாக நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

பிழைப்பு என்றால்? அதற்கும் பதில் உண்டு. இறால் பிடிக்கிற படகுக்குத் தென் கரோலினா மாநிலம் உள்ளூராரிடம் 25 டாலரும் வெளியாரிடம் 2,500 டாலரும் வாங்கியது. 1948-ல் அதே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அடித்துவிட்டது. ஆக, இறாலுக்கு ஒரு நீதி, எல்க்குக்கு ஒரு நீதி.

பிழைப்பையும் பொழுதுபோக்கையும் பிரித்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பொழுதுபோக்கு என்று முத்திரை குத்திவிட்டால் என்ன விலையும் வைக்கலாமா? மானைக் காப்பாற்றத்தான் விலை என்றால், அதே 1976-ல் வெளியாருக்கு வருஷம் 17,000 லைசென்ஸ்தான் என்று உச்சவரம்பு அமலுக்கு வந்துவிட்டது. காவலுக்கு அந்த எண்ணிக்கை போதும். எண்ணிக்கைக்கு மேல் விலையும் சேரும்போது தடுக்கப்படுவது வேட்டை இல்லை, ஏழை வேட்டைக்காரர். பணக்காரருக்கு 225 ஒரு பொருட்டா? மினசோட்டா மெக்கானிக்குக்குத்தான் அது பல்லாங்குழி.

உள்ளூர்க்காரர் வருஷம் முழுக்க வரி கட்டுகிறாரே என்கிறது தீர்ப்பு. வாஸ்தவம். வெளியாள் கொஞ்சம் கூடுதலாகத் தரட்டும். எவ்வளவு கூடுதல்? மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரெனன் இந்த இடத்தில்தான் மடக்கினார்: கட்டண வித்தியாசத்துக்கும் ஆகிற செலவுக்கும் பொருத்தம் வேண்டாமா?

நான் பி.காம். எனக்கு அரசியல் சட்டம் அவ்வளவாகப் புரியாது, கழித்தல் புரியும். 225-ல் 30 போனால் 195. அந்த 195 டாலருக்கு வவுச்சர் எங்கே சார்?