சின்னமும் நீட்டிய கையும்: ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் (2017) கேலிச்சித்திரங்கள்

தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தின் தொடக்கம், 1906இல் சென்னையில் தோன்றிய ‘இந்தியா’ வார இதழோடு இணைத்துப் பேசப்படுகிறது. பாரதி அவ்விதழில் படத்தோடு அதன் பொருளை விளக்கும் குறிப்பையும் தந்தார். வாசகர் படத்தைப் ‘படிக்க’ப் பழகாத காலம் அது. வடசென்னையின் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையொட்டி வெளிவந்த படங்களுக்கு இத்தகைய குறிப்பு தேவைப்படவில்லை. தொப்பி, குக்கர், இருபது ரூபாய்த் தாள் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டதும் வேட்பாளர் யாரென்பது விளங்கிவிடும். இச்சுருக்கமே அப்படங்களின் வலிமை. அவற்றின் குறையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஜெயலலிதாவின் மறைவால் காலியான இத்தொகுதியில், இரட்டை இலைச் சின்னம் 2017 மார்ச் 22இல் முடக்கப்பட்ட நிலையில், டி.டி.வி. தினகரன் தொப்பிச் சின்னத்திலும் இ. மதுசூதனன் இரட்டை மின்கம்பச் சின்னத்திலும் களமிறங்கினர். பணப் பட்டுவாடா காரணமாக ஏப்ரல் 12 வாக்குப்பதிவைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21இல் மீண்டும் நடைபெற்ற தேர்தலில், இரட்டை இலையை மீளப்பெற்ற மதுசூதனனைச் சுயேச்சையாகக் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் 40,707 வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஒரே கட்சியிலிருந்து பிரிந்த இருவரையும் கொள்கையால் வேறுபடுத்தி வரைவது எளிதன்று. அவ்வேலையைச் சின்னம் செய்து கொடுத்தது. ஓவியருக்குக் கிடைத்த இலவசம் எனலாம்.

மிகைப்படுத்தல் கேலிச்சித்திரத்தின் அடிப்படை உத்தி. ஆர்.கே. நகரில் அதை அரசியலாளர்களே முந்திக்கொண்டனர். ஏப்ரல் பரப்புரையில் ஓ. பன்னீர்செல்வம் அணியினர் ஜெயலலிதாவின் உடலைத் தாங்கிய சவப்பெட்டி போன்றதொரு மாதிரியை வாகனத்தில் வைத்து வலம் வந்தனர். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், அவர் மருத்துவமனையில் இருக்கும் காணொளி வெளியிடப்பட்டது. வாரிசு யார், மரணம் எவ்வாறு நேர்ந்தது என்பனவே விவாதமாயின. தெருவே சித்திரமாகிவிட்டபின் ஓவியர் செய்யக்கூடியது படியெடுப்பதே.

சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதே இங்கு முதன்மையான வினா. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வெளியான நகைச்சுவைப் படம், சட்டமன்ற உறுப்பினரை ஜேப்படிக்காரராகவும் அமைச்சரை முகமூடிக் கொள்ளையராகவும் காட்டியது. அதில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் அதிகாரத்தை அது தைத்தது, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஆர்.கே. நகர்ப் படங்களில் இத்திசை பெரும்பாலும் தலைகீழாகிறது. இருபது ரூபாய்த் தாள் டோக்கனாக வழங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டைச் சித்திரிக்கையில், கொடுப்பவருக்கு முகமும் பெயரும் சின்னமும் உண்டு. பெறுபவர் வெறும் நீட்டிய கை. பணம் புழங்கியதை வரைந்தது தவறன்று, அதை வரையாமல் விடுவதே பிழையாகியிருக்கும். எனினும் கொருக்குப்பேட்டைவாசியின் முகத்தை நீக்கிவிட்டுக் கையை மட்டும் எஞ்சவிட்டமை, வடசென்னை மக்களைப் பற்றித் திரைப்படங்கள் வழிப் பரவிய இளக்காரப் பார்வையிலிருந்து விலகியதன்று.

அத்தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் இன்னொரு காட்சிப் பொருள் ஆயத்தமாகவே இருந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரை அடுத்த கடலில் இரு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கசிந்து கரையெங்கும் படிந்தது. அதை அள்ள வாளிகள் பயன்படுத்தப்பட்டமை பரவலாகக் கேலிக்குள்ளானது. அக்கேலியின் இலக்கு அரசு. வாளி ஏந்தியவர்கள் அல்லர். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் மீன் விற்பனை சரிந்ததை எந்தச் சின்னத்தோடும் பொருத்த இயலாது. ஆகவே ஏப்ரலில் தொப்பியும் மின்கம்பமும் வந்ததும் வாளி பின்னுக்குத் தள்ளப்பட்டது. எண்ணெய் அள்ளிய கைக்கும், ரூபாய்த் தாளுக்கு நீட்டியதாக வரையப்பட்ட கைக்கும் இடையே பதினொரு மாதங்களே இருந்தன.