பின் கதவின் அழகு

கோயமுத்தூரில் ஒருவரிடம் ஒரு காரைக் காட்டி, "அழகாக இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் எஞ்சினைப் பற்றிப் பதில் சொல்லுவார். லிட்டருக்கு எவ்வளவு ஓடும், ஸ்பேர் கிடைக்குமா, விற்றால் என்ன தேறும், இதுதான் பேச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது. 1920-ல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, இந்தச் சீமையில் மோட்டார் என்பது உழைக்கிற பொருள்.

உழைக்கிற பொருளுக்கு அழகு கிடையாது என்று கொங்கு நாட்டார் நினைப்பதாகவும் சொல்லிவிட முடியாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கயம் காளையை அவர்கள் பார்க்கிற பார்வையைப் பார்க்க வேண்டும். திமில் எப்படி நிற்கிறது, கொம்பு எப்படி வளைகிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். வேலைக்கு ஏற்ற உடம்புதான் அழகான உடம்பு என்பது அந்த ரஸனை. அதே கண்ணால் காரையும் பார்த்தால் என்ன?

அப்படிப் பார்ப்பதானால் முதலில் காரின் வேலை என்னவென்று கேட்க வேண்டும். இரண்டு கதவுக் கார் ஓட்டுகிறவனுக்காகச் செய்யப்பட்டது. அதன் அழகு குதிரையின் அழகு. நாலு கதவுக் கார் அப்படியல்ல. அது ஒரு குடும்பத்தைச் சுமக்கிறது. நம் ஊரில் பின் ஸீட்டுத்தான் மரியாதையான இடம். பெரியவர்களும் புதுப் பெண்ணும் விருந்தாளியும் அங்கேதான் உட்காருகிறார்கள். ஆகவே நாலு கதவுக் காரின் அழகை அதன் முகத்தில் தேடுவது தவறு. பின் கதவில் தேட வேண்டும். ஒரு நாவலின் தரத்தைக் கதாநாயகனை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, இரண்டு பக்கத்தில் வந்துபோகிற கிழவியை ஆசிரியர் எப்படி நடத்தியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பார்கள். காருக்கும் அதே பரீட்சைதான்.

இந்தப் பரீட்சைக்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. இத்தாலியரான மிக்கெலொட்டி வரைந்த டிரையம்ப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் அதைச் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. முன்பக்கத்து மூடி மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். மெக்கானிக் டயர்மீது உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். முன் விளக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் ஓடும் கோடு அதற்கு உண்டு. ஆனால் கதவு இரண்டுதான். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி, முன் ஸீட்டைச் சாய்த்துவிட்டு, குனிந்து, நெளிந்து பின்னால் போவது அழகான காட்சி அல்ல. 1968-ல் வந்த மூன்றாம் மார்க்கில் சென்னைக்காரர்கள் இன்னும் இரண்டு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் இப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. உடல் தனி, சட்டம் தனி என்ற அமைப்பு இருந்ததால் அந்த வெட்டும் ஒட்டும் சாத்தியமாயிற்று.

இதனால் ஹெரால்டின் அழகு கெட்டது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கோடு நடுவில் அறுபட்டது உண்மை. பார்க்கிறவனுக்கு நஷ்டம், ஏறுகிறவளுக்கு லாபம். அந்த லாபத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனாலும் அதைப் பூரண அழகு என்று சொல்லமாட்டேன். பின் கதவு பிறகு தோன்றிய யோசனை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பந்தி முடிகிற நேரத்தில் வந்தவருக்கு அவசரமாக இலை போட்ட மாதிரி இருக்கிறது.

அம்பாஸடரின் குறை வேறு மாதிரி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை மூலமாகக் கொண்டு உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. உயர்ந்த கூரை, அகலமான பின் ஸீட்டு. வேட்டியை மடித்துக் கட்டினவரும் குனியாமல் ஏறலாம். உபசாரத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் உபசாரம் மட்டுமே அழகாகிவிடாது. முன்னும் பின்னும் பருத்து, எங்கே முடிவது என்று தெரியாமல் நிற்கிறது. நல்ல மனசு; நடை இல்லை.

என் தீர்ப்பு ஃபியட் 1100-க்குத்தான். டான்டே ஜியகோஸா என்ற எஞ்சினீயரின் தலைமையில் உருவாகி 1953-ல் இத்தாலியில் வெளிவந்தது அது. பம்பாய் குர்லாவில் செய்யப்பட்டு, 1970-களில் பத்மினி என்று பெயர் பெற்றது. சின்னக் கார்தான். ஆனால் கண்ணாடிக்குக் கீழே ஓடும் கோடு முன் கதவிலும் பின் கதவிலும் ஒரே மட்டமாகப் போகிறது. முன்னால் இருப்பவருக்கு ஒரு நியாயம், பின்னால் இருப்பவருக்கு ஒரு நியாயம் என்பது அதில் இல்லை. முதல் கோடு போடும்போதே நாலு பேரும் சித்திரக்காரனின் மனத்தில் இருந்திருக்கிறார்கள். பணக்காரக் கார்களில் 1961-ன் லிங்கன் காண்டினென்டலும் இந்த ஜாதி. அதன் பின் கதவுகளுக்குப் பின்பக்கம் கீல். நம் வீட்டு இரட்டைக் கதவு போல இரண்டும் நடுவில் வந்து சேரும்.

இப்போதைய சித்திரக்காரர்களில் பலர் பின் கதவை மறைக்கவே பாடுபடுகிறார்கள். 1997-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156-ல் பின் கதவின் கைப்பிடி ஜன்னல் ஓரத்தில் ஒளிந்துகொண்டது. அது அழகான கார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டு கதவுக் காரிடம் இரவல் வாங்கிய அழகு. 2018-ன் மாருதி ஸ்விஃப்டும் அதே வேஷத்தைப் போட்டது. குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட அமுச்சி கதவருகே நின்று, "எதைப் புடிச்சுத் தொறக்கறது கண்ணு?" என்று கேட்டால், காரை வரைந்தவர் என்ன பதில் சொல்லுவார்? 2024-ல் வந்த புது ஸ்விஃப்டில் கைப்பிடி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. காரணம் எதுவானாலும் எனக்குத் திருப்திதான்.

கார் வாங்கப் போகிறவர்கள் முன்னால் நின்று அதன் முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து பின் கதவைத் திறந்து, ஏறி, உட்கார்ந்து, இறங்கிப் பார்க்கலாம். அவர்களுடைய தகப்பனார்கள் சந்தையில் காளையை அப்படிப் பார்த்துத்தான் பிடித்தார்கள்.