மார்சிலிங்கில் ஒரு ரகரம்

சிங்கப்பூரின் வடபால் உள்ளது மார்சிலிங். அங்குள்ள இரயில் நிலையம் 1996-இல் திறக்கப்பெற்றது. இப்பெயரின் சீன வடிவம் 'மாசிலிங்' என்றே ஒலிக்கும். அதில் இல்லாத ரகரம் தமிழில் எங்ஙனம் புகுந்தது?

விடை ஆங்கில எழுத்துமுறையின் வரலாற்றில் உள்ளது. காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவிய பின் எழுத்து மெல்ல நிலைபெற்றது. ஒலியோ மாறிக்கொண்டே சென்றது. 18-ஆம் நூற்றாண்டில் தென்னிங்கிலாந்தார் பேச்சில் மெய்க்கு முன்னின்ற ரகரம் தேயலாயிற்று. எழுத்தில் மட்டும் நின்றது. அதனால் அது நெடிலைக் காட்டும் குறியாயிற்று.

தமிழுக்கு அக்குறி வேண்டுவதில்லை. 'மா' என்பதே நெடில். வடசொல்லையும் தமிழொலிக்கு இயைய எழுதப் பணித்தார் தொல்காப்பியர். வேரூன்றிய பெயரை மாற்றுதல் அரிது. இனிப் புதுப்பெயர் எழுதுவோரேனும் ஆங்கில எழுத்தைப் பாராது, ஒலியைக் கேட்டு எழுதுதல் நன்று.