நொக்ஸின் நூலும் நமது வேரும்

மூதூரின் பழமை பற்றி எழுதுவோர் றொபேர்ட் நொக்ஸை விடுவதில்லை. "வெள்ளைக்காரனே எழுதிட்டான், இனி என்ன?" என்பார்கள். நூலைத் திறந்து பார்த்தோர் குறைவு.

1659 இல் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' கப்பல், அதைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 இல் கப்டனும், அவர் பெயரையே கொண்ட மகனும் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டார்கள். மறுவருடம் தகப்பன் இறந்தார். மகன் 1679 இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681 இல் இலண்டனில் நூல் வெளியானது.

நூலின் உயிர் தகப்பனின் மரணப் பகுதியில் இருக்கிறது. உடலை இழுத்துப்போகக் கயிற்றோடு வந்தார்கள். மகனோ அதற்கு விடவில்லை. நோயோடு நின்று முறையாக அடக்கினார். சான்றுக்காக இரண்டு வரி வெட்டியெடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

சோனகர் பற்றிய அவரது முக்கியமான குறிப்பு, கண்டிப் பள்ளிவாசலுக்காக வீடுவீடாகப் பணம் வாங்கும் உரிமை பற்றியது. பெறுமதியான குறிப்புத்தான். ஆனால் அது கண்டிக்குரிய சாட்சி. மூதூர்க் குடிகளின் வேரை அதிலே காட்ட ஏலாது.

நமது வேர் காணி உறுதிகளிலும் பள்ளிப் பதிவுகளிலும் மையவாடிக் கற்களிலும் உம்மும்மாமாரின் வாயிலும் இருக்கு. 2004 சுனாமியிலும் 2006 இடம்பெயர்விலும் பெட்டியோடு போன உறுதிகள் திரும்ப வராது. தகப்பனின் கப்றை மறக்காமல் எழுதிய அந்த மகனின் அக்கறையைத்தான் நொக்ஸிடம் நாம் எடுக்கவேண்டும். மிஞ்சியுள்ள மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுவோம்.