‘சுழல்’: மர்மம் யாருக்கு?

‘சுழல்’ தொடரைப் பற்றித் திருப்பூரில் நான் கேட்ட கருத்துகள் பெரும்பாலும் மூன்று வகை. ‘இழுவைங்க, எட்டு எபிசோடை நாலுல முடிச்சிருக்கலாம்’ என்பது ஒன்று. ‘கடைசி வரைக்கும் ஆளைக் கண்டுபிடிக்க முடியலை, செம ட்விஸ்ட்’ என்பது இரண்டாவது. ‘சங்கத்துக்காரனைக் கேவலப்படுத்தணும்னே எடுத்திருக்கான்’ என்பது தோழர்களுடையது. மூன்றையும் சொன்னவர்கள் ஆண்கள். நாலாவதாக ஒரு கருத்தும் இருந்தது. அதைக் கேட்க எனக்கு வெகுநாள் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்த நாலாவது கருத்திலிருந்து மற்ற மூன்றையும் வாசிக்கும் முயற்சி. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

புஷ்கர் - காயத்ரி உருவாக்கி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. சாம்பலூர் என்கிற கற்பனைச் சிற்றூர். ஊருக்குச் சோறு போடுவது ஒரு சிமெண்ட் ஆலை. அங்கே வேலைநிறுத்தம் நடக்கிறது; தலைமை ஏற்றிருப்பவர் சண்முகம். அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்குகிற இரவில் ஆலை எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரைவிட்டுப் போயிருந்த மூத்த மகள் நந்தினி திரும்பி வருகிறாள். தீ, காணாமல்போன பெண் என்று இரண்டு கேள்விகளையும் தூக்கிக்கொண்டு போலீஸ் அலைகிறது. கடைசியில் தேடிய குற்றவாளி குடும்பத்துக்கு உள்ளேயே இருக்கிறான்: சிறுவயதில் நந்தினியைச் சிதைத்த அதே உறவினன். நந்தினி அவனைக் கொல்கிறாள்.

துப்பறியும் கதையில் இரண்டு கதைகள் இருக்கின்றன என்றார் டோடரோவ். ஒன்று குற்றத்தின் கதை. மற்றது விசாரணையின் கதை. முதலாவது ஏற்கெனவே நடந்து முடிந்தது, ஆனால் பிரதியில் இல்லாதது. இரண்டாவது பிரதியில் இருப்பது, ஆனால் இல்லாத முதற் கதையைத் தேடுவதைத் தவிர வேறு வேலையற்றது. ரோலான் பார்த் ‘எஸ்/இசட்’ (1970) நூலில் இந்தத் தேடலைப் புதிர்க் குறியீடு என வகைப்படுத்துகிறார். கேள்வியை எழுப்புவது, விடையைத் தள்ளிப்போடுவது, பொய்த்தடம் காட்டுவது, கடைசியில் வெளிப்படுத்துவது ஆகியவை அதன் வேலை. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு அனுமானம் இருக்கிறது: வாசகருக்கு விடை தெரியாது. இந்தத் தெரியாமை எல்லா வாசகருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்த வகைக் கதைகளுக்கு ஏன் எப்போதும் ஒரு தனித்த சிற்றூர் தேவைப்படுகிறது? ஊரை மூடினால்தான் சந்தேகப் பட்டியலை மூட முடியும். 1990இல் டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய ‘ட்வின் பீக்ஸ்’ அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, லாரா பால்மரைக் கொன்றது யார் என்று அந்நாடே கேட்டது. விடை: அவள் அப்பா. 2013இல் வந்த பிரிட்டிஷ் தொடர் ‘பிராட்சர்ச்’சில் ஒரு கடலோரச் சிற்றூர், ஒரு சிறுவனின் கொலை, விடை, விசாரிக்கிற பெண் அதிகாரியின் கணவன். ஊர் முழுக்கத் தேடி வீட்டுக்குள் வந்து முடிவது இந்த வகைமையின் பழகிய பாதை. ‘சுழல்’ அந்தப் பாதையில் அங்காளம்மனையும் கொடிபிடித்த தொழிலாளியையும் நடக்கவிட்டிருக்கிறது. பாதை பழையது என்றாலும் ஒவ்வொரு முறையும் நாம் ‘ட்விஸ்ட்’ என்கிறோம். நானும் அப்படித்தான். எட்டாவது அத்தியாயம் வரைக்கும் எனக்கு ஆள் பிடிபடவில்லை. ஆலைக்காரன்மேல் சந்தேகப்பட்டேன், போலீஸ்மேல் சந்தேகப்பட்டேன்.

இனி நாலாவது கருத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் ஒரே ரூமில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாரம் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட். ஒரே போனில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகத் தொடரைப் பார்த்து முடித்திருந்தார்கள். ‘யாருன்னு எப்பத் தெரிஞ்சுது?’ என்று கேட்டேன். அவர்களில் மூத்தவர் சிரித்துவிட்டார். ‘வெளிய ஏனுங்கண்ணா தேடறாங்க? அந்த வூட்டுக்குப் போக்குவரத்தா இருக்கற ஆம்பளைங்களை மொதல்ல வரிசையா நிக்க வெச்சுக் கேட்டிருந்தா ரெண்டாவது எபிசோடுலயே முடிஞ்சிருக்குமுல்ல.’

முதல் கருத்தும் இதுவும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. இருவருமே நீளம் என்கிறார்கள். ஆனால் முதலாமவர் குறைசொல்வது கதை சொன்ன வேகத்தை. இந்த அக்கா குறைசொல்வது விசாரிப்பவர்களின் அறியாமையை. வீட்டுக்குள் தேடத் தோன்றாத ஒரு போலீஸ், வீட்டுக்குள் தேடத் தோன்றாத ஒரு அப்பா, வீட்டுக்குள் தேடத் தோன்றாத ஒரு வாசகன். இந்த மூவரின் தெரியாமையைக் கூட்டினால் வருவதுதான் எட்டு அத்தியாயம்.

இது ஒரு அக்காவின் அனுபவம் மட்டுமல்ல. மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதத்தினர் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் அக்குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். ஆக, பாதி ஊருக்கு இந்தக் கதையின் முடிவு தெரியும். மற்றப் பாதிக்கு அது மர்மம். திரில்லர் என்கிற வகைமை இந்த இரண்டாவது பாதியை மட்டுமே ‘வாசகர்’ என அழைக்கிறது.

தோழர்களின் கருத்துக்கு வருவோம். அதில் நியாயம் உண்டு. ஆலை எரிந்ததும் முதல் சந்தேகம் சங்கத் தலைவன்மேல் விழுகிறது. தீக்குத் தொடரில் விடை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் என்ன கேட்டு நின்றார்களோ அந்தக் கோரிக்கையோடு தொழிலாளர்கள் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். வேலைநிறுத்தம் பொய்த்தடமாகச் சுருங்குகிறது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற ஊர் இது. அந்த ஊரில் உட்கார்ந்து இதைப் பார்க்கிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

என் வருத்தம், தோழர்களின் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்பதில். ஊருக்கெல்லாம் நியாயம் கேட்கிற ஒருவரின் வீட்டில் அவர் மகள் சிறுவயதிலிருந்து வாய்மூடி இருந்திருக்கிறாள். இதை அவதூறு என்று தள்ளிவிடலாம். தள்ளிவிட்டால் அந்தப் பெண் ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்கிற கேள்வியும் சேர்ந்து போய்விடும். நம் போராட்ட வரலாறுகளில் பஞ்சப்படி இருக்கிறது, போனஸ் இருக்கிறது. கழிவறைக்குப் போகும் வழியில் நிற்கும் சூப்பர்வைசர் இருக்கிறானா?

உண்மையில், திருப்பூர் வட்டாரத்தில் ‘தனித்த ஊர்’ எதுவென்றால் அது நூற்பாலை விடுதிதான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, கிராமத்துப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு. சோமோ, ஐ.சி.என். என்ற நெதர்லாந்து அமைப்புகள் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதை வெளிநாட்டுக் கடைகளின் வாசல்வரை கொண்டுபோனது. பெண்ணைக் கூட்டிவரும் புரோக்கர் பல நேரம் சொந்தமாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். மாமா என்றும் அண்ணன் என்றும்தான் அழைக்க வேண்டியிருக்கும். ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் எங்கே இருக்கிறது?

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஒரு தலித் பெண் கொலையுண்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதற்குப் பிறகு விடவில்லை. 2022 ஏப்ரலில் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனத்தோடு உடன்படிக்கை கையெழுத்தானது. பாலியல் தொல்லை அங்கே தொழிற்சங்கக் கோரிக்கையாகவே எழுதப்பட்டது. ‘சுழல்’ வெளியானது அதற்கு இரண்டு மாதம் கழித்து. தொடர் எதை இரண்டு கதைகளாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்றின் பொய்த்தடமாக்கியதோ, அதை அந்தப் பெண்கள் ஏற்கெனவே ஒரே கதையாகச் சேர்த்திருந்தார்கள். தொடரின் மீது வைக்க வேண்டிய விமர்சனம் இதுதான் என நினைக்கிறேன். சங்கத்தைச் சந்தேகித்ததைவிட, இப்படியொரு சங்கத்தைக் கற்பனை செய்ய முடியாமல் போனது பெரிய குறை. அதனால்தான் நந்தினிக்குக் கொலையைத் தவிர வேறு வழி இல்லை. 2025 பிப்ரவரி 28 அன்று வந்த இரண்டாம் பருவத்தில் அவள் சிறையில் இருக்கிறாள். ‘கொன்னது சரிதானுங்க. ஆனா உள்ளார போறதும் அவதானே’ என்றார் அந்த ரூமில் இளையவர்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவான ஆட்களை வைத்து ஜாப் ஒர்க் ஓட்டும் பவர்டேபிள் யூனிட்டில் இருப்பவர், மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். அப்படி ஒரு குழு இருப்பதை அந்த மூவரில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

‘சுழல்’ பற்றி நாங்கள் நடத்திய கலந்துரையாடலில் பதினோரு பேர் பேசினோம். அத்தனைபேரும் ஆண்கள். கூட்டம் வேலைநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒன்றரை ஷிப்ட் முடிந்து அந்தப் பெண்கள் ரூமுக்குத் திரும்பும்போது எட்டரை தாண்டிவிடும். ‘வாசகர் கருத்து’ என்று நாங்கள் எழுதிவைத்தது அந்தப் பதினோரு பேரின் கருத்தைத்தான். கிளம்பும்போது மூத்தவர் கேட்டார்: ‘ஏனுங்கண்ணா, இதையெல்லாம் சங்கத்துல வந்து சொல்லலாமுங்களா?’ சொல்லலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்ல வரவில்லை. அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் குடியிருக்கும் வீதியிலேயே என்று வைத்திருக்கிறோம்.